சீட்டும் சிகிச்சையும்

நோயுற்றவன் முதலில் நாடுவது வைத்தியரை. ஜேர்மனியில் புகலிடம் கோரிக் காத்திருப்பவனோ, பல ஊர்களில் முதலில் நாடவேண்டியது சமூகநலக் காரியாலயத்தை. அங்குள்ள எழுதுவினைஞர் சிகிச்சைச் சீட்டைக் கொடுத்த பின்னரே அவன் வைத்தியரிடம் செல்லலாம். அவசர வேளையில் நேரே வைத்தியசாலைக்குப் போகத் தடையில்லை. ஆயினும், நெஞ்சில் எழுந்த நோவு அவசரமானதா அன்றா என்பதை நோயாளி எவ்வாறு அறிவான்? எழுதுவினைஞர்தாம் எவ்வாறு அறிவார்?

இவ்வேற்பாடு 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு. அதற்கு முந்திய ஆண்டில், யூகோஸ்லாவியப் போரின் நடுவே, 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜேர்மனியில் புகலிடம் கோரினர். 1983இன் பின் அந்நாட்டை அடைந்தோருள் இலங்கைத் தமிழரும் பலர். தொண்ணூறுகளில் சென்றோர் இச்சட்டத்தின் கீழேயே நோய்க்கு மருந்து தேடினர்.

திடீர் நோய்க்கும் நோவுக்கும் சிகிச்சை உண்டு என்கிறது சட்டம். கருவுற்ற பெண்களுக்குப் பராமரிப்பு உண்டு, தடுப்பூசியும் உண்டு. மற்றவை உடல்நலத்துக்கு இன்றியமையாதவை எனத் தனித்தனியே தீர்மானிக்கப்படவேண்டும். செயற்கைப் பல், தள்ளிவைக்க முடியாத மருத்துவக் காரணம் இருந்தாலன்றிக் கிடையாது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் திடீரென வந்து திடீரெனப் போகும் நோய்களல்ல. நாள்தோறும் கவனிக்கவேண்டிய இந்நோய்களே இச்சட்டத்தின் வாசகத்துள் அடங்காது தத்தளிக்கின்றன. கவனியாது விட்டால் அவையும் ஒருநாள் அவசர நோயாகும். அப்பொழுது வாசல் திறக்கும்!

சிக்கனம் என்ற நியாயமாவது நிற்குமா? 1994 முதல் 2013 வரையான கணக்குகளை ஹைடெல்பேர்க், பீலெபெல்ட் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் இருவர் ஒப்பிட்டு, 2015இல் வெளியிட்டனர். முழு வைத்திய வசதி பெற்றோரைவிட, கட்டுப்பாட்டுக்கு உட்பட்டோருக்கே தலைக்கு ஏறத்தாழ 40 வீதம் கூடுதலாகச் செலவாகியிருந்தது. மிச்சம் பிடிக்கப் போட்ட பூட்டு, செலவைப் பெருக்கியதென்றே கொள்ளவேண்டும்.

பிரேமென் நகரம் 2005இலேயே வேறு வழி கண்டது. சீட்டை ஒழித்து, காப்புறுதி நிதியமொன்றின் மூலம் அட்டை வழங்கிற்று. செலவைப் பொறுப்பது அரசுதான். சட்டத்தின் வரம்பும் முற்றாக நீங்கவில்லை. ஆனால் நோயாளி நேரே வைத்தியரிடம் போகிறான்; நோயின் தன்மையை அதனைக் கற்றவர் பார்க்கிறார். இச்சிறு மாற்றத்தின் பயன் பெரிது. ஹம்பேர்க் 2012இல் இவ்வழியைப் பின்பற்றியது; 2015க்குப் பின் வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. எனவே, ஒரே சட்டத்தின் கீழ் வாழும் இருவருள் ஒருவன் கையில் அட்டையும் மற்றவன் கையில் சீட்டும் இருப்பது, அதிகாரிகள் அவர்களை எந்த ஊருக்கு அனுப்பினார்கள் என்பதைப் பொறுத்தது.

மனித கௌரவத்தைக் குடிவரவுக் கொள்கைக்காகக் குறைத்தல் ஆகாது என ஜேர்மனிய அரசியலமைப்பு நீதிமன்றம் 2012 ஜூலையில் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு உதவிப்பணம் பற்றியது; வைத்தியம் பற்றியதன்று. 2015இல் கட்டுப்பாட்டுக் காலம் 15 மாதமாகக் குறைந்தது. 2019இல் 18 மாதமாயிற்று. 2024 பெப்ரவரியில் 36 மாதமாக நீண்டது. அகதியென ஏற்கப்பட்டவர் இடையிலேயே பொதுக் காப்புறுதியுள் சேர்ந்துவிடுவார். விண்ணப்பத்துக்கு விடை வராதவரோ, அந்த மூன்று ஆண்டுகளையும் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே கழிக்கவேண்டும்.