பல் எடுத்த பிறகு



பல் போனால் சொல் போயிற்று என்பது நம் நாட்டுப் பழமொழி. பல் போன பிறகு எச்சரிக்கையும் போய்விட்டால் என்ன நேரும் என்பதைப் பழமொழி சொல்லவில்லை. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கல்லூரியில் நான் இறுதி வகுப்புப் படித்த காலம். தேர்வுக்கு நான்கு நாட்களே இருந்தன. கீழ்த்தாடையில் ஞானப்பல் ஒன்று சொத்தையாகி, அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று. எடுக்கும்போது வலியே தெரியவில்லை. இது மனிதகுலம் அண்மையில் பெற்ற பேறு. 1844ஆம் ஆண்டில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்து, தம் பல்லையே பிடுங்கச் செய்து சோதித்தார். இன்று பெரிதும் வழங்கும் லிடோகெயின் என்னும் மரப்பு மருந்தை 1943இல் சுவீடன் நாட்டு லோஃப்கிரென் உருவாக்கினார்.

மருத்துவர் புண்ணின்மேல் பஞ்சு வைத்துக் கடிக்கச் சொல்லி, அறிவுரைகள் அச்சிட்ட தாள் ஒன்றையும் கொடுத்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், படிக்கவில்லை. வாயில் இரத்தச் சுவை அருவருப்பாக இருந்தது. இரவு வரையில் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினேன். குளிர்ச்சி என்று எண்ணி இளநீரையும் குழல் வைத்து உறிஞ்சினேன்.

மூன்றாம் நாள் இரவு வலி தொடங்கிற்று. தாடையில் எழுந்து காது வரையில் குத்திற்று. புத்தகம் திறந்தபடியே கிடந்தது. மறுநாள் தேர்வு மண்டபத்தில் எழுதியதைவிடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமே அதிகம். மாலையில் மருத்துவரிடம் ஓடினேன். அவர் குழியைக் கழுவி, மருந்து தோய்த்த துணியை வைத்தார். "தம்பி, புண்ணை ஆற்றுவதற்கு உன் உடம்பே தந்த மருந்தை நீ துப்பிவிட்டாய்" என்றார். ஞானப்பல் போன பிறகே எனக்கு ஞானம் வந்தது!

அவர் சொன்ன மருந்து எது? பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கிறது. அடியிலுள்ள எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காப்பது அதுவே. அதன்மேல்தான் புதுத் தசை வளர்கிறது. கட்டி பெயர்ந்தாலோ கரைந்தாலோ எலும்பு வெளிப்பட்டுப் பொறுக்கமுடியாத வலி உண்டாகிறது, துர்நாற்றமும் எழலாம். 1896இல் கிராஃபோர்டு என்பவர் இந்நிலைக்கு 'உலர்ந்த குழி' என்று பொருள்படும் பெயரிட்டார். கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்தவர்களுக்கும், புகை பிடிப்பவர்களுக்கும் இது மிகுதியாக வருகிறது.

ஆகவே, முதல் நாள் முழுவதும் நம் கடமை அந்தக் கட்டியைக் காப்பதே. பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்கலாகாது. 24 மணி நேரம் கொப்பளிக்க வேண்டாம், காறித் துப்ப வேண்டாம், குழலால் உறிஞ்ச வேண்டாம். எச்சில் சற்றே சிவந்திருந்தால் அஞ்சவேண்டியதில்லை. மரப்பு நீங்கும் வரையில் உதட்டையும் நாக்கையும் கடித்துக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்னத்தின் வெளியே பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, விட்டு விட்டு வைத்தால் வீக்கம் குறையும். கொதிக்கும் காப்பியும், முறுக்கும், காரமும் ஆகா. ஆறிய குழைந்த சோறும், தயிரும், கஞ்சியும் போதும். வலிக்கு ஆஸ்பிரினை நீங்களாக விழுங்காதீர்கள். அது இரத்தப்போக்கை மிகுவிக்கும். ஆனால் இதய நோய்க்காக அதை உண்டு வருபவர்கள் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது. புகையிலையை அடக்கிக்கொண்டால் வலி போகும் என்பார் பேச்சைக் கேளாதீர்கள்.

மறுநாள் முதல், ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, உணவுக்குப் பின் மெல்ல வாயில் சுழற்றி வழியவிடுங்கள். மற்றப் பற்களை வழக்கம்போலத் துலக்கலாம்; புண்ணைத் தொடவேண்டாம்.

வீக்கம் மூன்று நாளுக்குப் பிறகும் வளர்ந்தாலும், காய்ச்சல் கண்டாலும், குறைந்த வலி மீண்டும் மிகுந்தாலும், அழுத்திக் கடித்தும் இரத்தம் நில்லாவிட்டாலும், உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்பட்டால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது, மருத்துவமனைக்கே விரையுங்கள்.

பல்லை எடுப்பது மருத்துவர் கைத்திறன். புண் ஆறுவது நம் பொறுமை. மருத்துவர் தரும் தாளைச் சட்டைப்பையில் வைக்குமுன் ஒருமுறை படித்துவிடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்த நான், ஒரு தேர்வையே விலையாகக் கொடுத்தேன்.