பாடுகளின் நடுவே வேர் விட்ட விசுவாசம்

(கொல்லிமலை, பெரக்கரை நாட்டில் கூடிவந்த ஆதரவாளர்களுக்கு அளிக்கப்பட்ட செய்தி)



உங்களில் அநேகர் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்திருக்கிறீர்கள். சிலருக்குத் தலைசுற்றல் இன்னும் நிற்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பரவாயில்லை, மெதுவாகவே பேசுகிறேன். இந்தச் சாலை இல்லாத காலத்தில் மலையேறிய ஒரு குடும்பத்தைக் குறித்துத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

பாடுகள் வந்தால் விசுவாசம் வளரும் என்று பிரசங்கங்களில் அடிக்கடி சொல்லுகிறோம். யாக்கோபு தம் நிருபத்தின் முதல் அதிகாரத்திலேயே சோதனையையும் பொறுமையையும் சேர்த்துத்தான் பேசுகிறார். ஆனால் வளர்ச்சி தானாக நடந்துவிடுகிறதா? இந்த மலையில் மிளகு வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கொடி தழைப்பதும் மழையால்தான், வேரடியில் தண்ணீர் தேங்கினால் அழுகுவதும் அதே மழையால்தான். துன்பத்தினால் ஆண்டவரை விட்டு விலகிப்போனவர்களை நாம் எல்லாரும் அறிவோம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே துன்பத்தின் நடுவில் விசுவாசம் எப்படி உயிரோடு இருந்தது என்பதை ஒரு குடும்பத்தின் வாழ்க்கையில் பார்ப்போம்.

ஜெஸ்ஸி பிராண்ட் ஐயர் 1907-ல் இங்கிலாந்திலிருந்து வந்து சேந்தமங்கலத்தில் ஊழியம் செய்தார். வெப்ப நாட்டு நோய்களுக்கான மருத்துவத்தை ஓராண்டு படித்திருந்தார். அவர் பட்டம் பெற்ற டாக்டர் அல்ல. ஈவ்லின் அம்மையாரோ லண்டனில் வசதியான வீட்டில் பிறந்து ஓவியம் கற்றவர். 1913-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. கல்யாணக் கையோடு மழையில் நனைந்தபடி இந்த மலைக்கு ஏறி வந்து, வாழவந்தியில் குடியேறினார்கள். கரையான் ஏறாதபடி கல் தூண்களின் உச்சியில் தகரத் தட்டுகளைக் கவிழ்த்து, அதன்மேல் மரவீடு கட்டினார் ஐயர்.

மருந்துக்கு ஜனங்கள் திரளாக வந்தார்கள். பல் பிடுங்கினார், புண் கட்டினார். காலிலிருந்து நரம்புச் சிலந்திப் புழுவை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல், நாள்கணக்கில் வெளியே இழுத்தார். (அந்தப் புழு நம் தேசத்தை விட்டே ஒழிந்தது 1996-ல்தான்.) புண்ணோடு தண்ணீரில் இறங்குவதால் நோய் பரவுகிறது என்று அறிந்து, கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பவும் பாடுபட்டார். மருந்தை வாங்கிக்கொண்டவர்கள் சுவிசேஷத்தை வாங்கிக்கொள்ளவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார். ஆண்டுகள் கடந்தும் சபை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் உருவாகவில்லை. அன்பானவர்களே, காணிக்கை அனுப்புகிறவர்களுக்கு அறிக்கை எழுத வேண்டிய ஊழியனுக்கு இதைவிடக் கஷ்டமான காலம் இல்லை. அதை நான் அனுபவத்தினால் சொல்லுகிறேன்.

1918-19-ல் உலகமெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. வீடுகளில் படுத்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை. பிராண்ட் தம்பதியர் பெரிய பாத்திரங்களில் அரிசிக் கஞ்சி காய்ச்சி, வீடு வீடாகக் கொண்டுபோய் ஊட்டினார்கள். எதிர்த்த பூசாரியின் வீட்டையும் அவர்கள் விட்டுவிடவில்லை. மரணத் தறுவாயில் அவர் தம் பெண்குழந்தையை அவர்கள் கையில் ஒப்புவித்தார். அதற்குப் பிறகே ஜனங்களின் மனம் திரும்பத் தொடங்கியது. அந்தக் கஞ்சியைக் காய்ச்சும்போது இதெல்லாம் நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. பசித்தவர்கள் கிடந்தார்கள், அடுப்பை மூட்டினார்கள், அவ்வளவுதான்.

பத்து ஆண்டுகள் சபையும் பள்ளிகளும் வளர்ந்தன. மகன் பால், மகள் கோனி இருவரையும் 1923-ல் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவந்தார்கள். அப்போது பாலுக்கு ஒன்பது வயது. 1929 ஜூன் 15 அன்று பிராண்ட் ஐயர் இறந்தார். மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சல் அது.  வாழவந்தியிலேயே அடக்கம் செய்தார்கள்.

செய்தி தந்தியில் லண்டன் போய்விட்டது. கடிதங்களோ கப்பலில் அல்லவா போகும்! தகப்பனார் இறந்துவிட்டார் என்று அறிந்த பிற்பாடும், அவர் கைப்பட எழுதிய கடிதங்கள் அந்தப் பையனுக்கு வந்துகொண்டிருந்தன. மலையையும் மரங்களையும் வர்ணித்து, இவற்றைப் படைத்தவரை நன்றியோடு நினைக்கும்படி சொல்லும் கடிதங்கள். ஆறு வருடமாக அப்பாவைப் பார்க்காத பதினான்கு வயதுப் பிள்ளை அவற்றை எப்படி வாசித்திருப்பான் என்று தாய்மார்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு ஈவ்லின் அம்மையார் லண்டன் திரும்பினார். நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பால் தன் மனதில் வைத்திருந்தது உயரமான, அழகான அம்மாவை. கப்பலிலிருந்து இறங்கி வந்தவரோ கூனிக்குறுகி, முதுமை தட்டிய பெண். தன் தாயை அடையாளம் கண்டுகொள்வதே அவருக்குக் கடினமாயிருந்தது. விசுவாசிகள் துக்கத்தில் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும் என்று நம் சபைகளில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. யார் போட்ட சட்டமோ! லாசருவின் கல்லறையண்டையில் நம் ஆண்டவரே கண்ணீர் விட்டாரே. அந்த அம்மையார் நொறுங்கித்தான் போனார். உறவினர்கள் போகவேண்டாம் என்று தடுத்தும், நொறுங்கிய நிலையிலேயே இந்தியாவுக்குத் திரும்பக் கப்பல் ஏறினார். துக்கம் ஆறும் வரை அவர் காத்திருக்கவில்லை.

மகன் பால் முதலில் கட்டட வேலை கற்றார், பிறகு டாக்டரானார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளைக் கண்டார். அந்தக் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் முறையை வகுத்தார். தொழுநோய் சதையை அழுகச் செய்கிறது என்று உலகம் நம்பியிருந்தது. அவரும் உடன் ஊழியரும் கவனித்துக் கவனித்து வேறொன்றைக் கண்டார்கள்: நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரியாமல் போகிறது, வலி தெரியாததால் கை தீயில் வெந்தும் ஆணியில் கிழிந்தும் தேய்கிறது. தூங்கும்போது எலி விரலைக் கடிப்பதுகூடத் தெரியவில்லை. ஆகவே வீடு திரும்பும் நோயாளிக்கு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்களாம்.

வலி தேவன் வைத்த காவல் என்று டாக்டர் பால் பிராண்ட் வாழ்நாள் முழுவதும் போதித்தார். 2003-ல் காலமானார். இதை வைத்து நாம் அவசரப்பட்டுவிடக் கூடாது. கட்டிலில் துடிக்கிறவரிடம் போய், உன் வலி ஒரு வரம் என்று சொல்லுவது கொடுமை. அவர் அதைப் பிரசங்கமாகக் கண்டுபிடிக்கவில்லை. தேய்ந்துபோன கைகளை வருடக்கணக்காகத் தம் கைகளில் ஏந்திய பிறகு கண்டார். நோயாளியிடம் நாம் முதலில் கொண்டுபோக வேண்டியது வலிக்கு மருந்து. விளக்கம் பிறகு வரட்டும், வராமலும் போகட்டும்.

தாயாரின் கதைக்கு வருகிறேன். இந்தியா திரும்பிய அம்மையார் பல ஆண்டுகள் சமவெளியில் ஊழியம் செய்தார். அறுபத்தேழு, அறுபத்தெட்டு வயதானபோது, வயதாகிவிட்டது, இனி அனுப்ப முடியாது என்று மிஷன் தயங்கியது. இன்னும் ஒரே ஒரு தவணை என்று மன்றாடி வந்தார். தவணை முடிந்தபோது இங்கிலாந்துக்குப் போகாமல் மலையேறிவிட்டார்! கணவரும் தாமும் ஐந்து மலைத்தொடர்களுக்கு சுவிசேஷத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று ஜெபித்திருந்தார்கள். கொல்லிமலை ஒன்றோடு ஐயரின் ஓட்டம் முடிந்திருந்தது. மற்ற மலைகளுக்கு இவர் போனார், குதிரைக் குட்டியின் மேல், மருந்துப் பெட்டியோடு. கல்வராயன் மலையிலும் பச்சைமலையிலும் பிராண்ட் பாட்டி என்றால் தெரியாதவர்கள் இல்லை.

ஒருமுறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. கால்களில் பலம் குன்றியது. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். இப்போதாவது ஓய்வெடுங்கள் என்று மகன் கெஞ்சினார். ஊழியத்துக்கு உதவாமல் இந்த உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன பயன் என்பதே அவருடைய பதிலாயிருந்தது. வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியையும் வைத்துக்கொள்ளவில்லை. பிடிவாதக்காரி என்று மிஷனில் சிலர் சொன்னதுண்டு. அது பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை.

1974 டிசம்பரில், 95-ஆம் வயதில், அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பெட்டி வேண்டாம், ஒரு பருத்தித் துணியில் சுற்றிப் புதைத்தால் போதும், உடல் மண்ணுக்கு உரமாகட்டும் என்று சொல்லிவைத்திருந்தார். நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன் கணவரைப் புதைத்த அதே வாழவந்தியில், அவர் அருகிலேயே அடக்கம் செய்தார்கள். இன்று திரும்பிப் போகும் வழியில் நேரமிருக்கிறவர்கள் அங்கே இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஜெபிப்போம்.