ஏழூர் செல்லும் பல்லக்கு



அடியவர் இறைவனை நாடிச் செல்வது தலப்பயணம். காவிரிக் கரையிலோ இறைவனே ஊர்களை நாடிச் செல்லும் பயணம் ஒன்று உண்டு. அதுவே திருவையாற்று ஏழூர்த் திருவிழா.

பங்குனியில் திருமழபாடியில் நந்திதேவருக்கும் சுயசாம்பிகைக்கும் திருமணம் நிகழ்கிறது. அதற்குத் திருப்பழனம் கனிகளையும், திருச்சோற்றுத்துறை உணவையும், திருவேதிகுடி மறையோரையும், திருக்கண்டியூர் அணிகலன்களையும், திருப்பூந்துருத்தி மலர்களையும், திருநெய்த்தானம் நெய்யையும் அளித்தன என்பது தலமரபு. அவ்வுதவிக்கு நன்றி கூறவே, சித்திரை விசாகத்தில் ஐயாறப்பர் மணமக்களுடன் பல்லக்கில் புறப்படுகிறார். அந்தந்த ஊர்ப் பல்லக்குகளும் உடன் சேர்கின்றன.

ஊர்ப் பெயர்களைப் புலவர் சற்றே உற்றுநோக்குதல் வேண்டும். மரபுக்கதை பழனத்தில் பழத்தைக் காண்கிறது. இலக்கியத் தமிழிலோ பழனம் என்பது வயல். துருத்தி, ஆற்றிடைக்குறை. ஐயாறு, ஐந்து ஆறுகள். வயல், சோறு, பூ, நெய் என இப்பெயர்கள் யாவும் நீரை நம்பி நிற்பவை.

ஆயினும் விழா நிகழ்வது கோடையில். மேட்டூர் அணை 1934இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. சித்திரை அதற்கு முந்தியது. எனவே ஐயாற்றின் தலைவரைச் சுமப்போர் காவிரியையும் குடமுருட்டியையும் பெரும்பாலும் மணலில் நடந்தே கடக்கின்றனர். 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. 2020இல்தான் அவ்வழக்கம் மீண்டது. அவ்வாண்டுகளில் பல்லக்கு நன்றி கூறச் சென்ற வயல்கள் நீருக்குக் காத்துக் கிடந்தன.

இவ்வழியில் திருப்பூந்துருத்தி கவிஞர்க்குரிய தலம். திருஞானசம்பந்தர் அங்கு வந்தபோது, முதியவரான திருநாவுக்கரசர் கூட்டத்தில் புகுந்து, அவருடைய சிவிகையைத் தாங்கினார் என்கிறது பெரியபுராணம். அப்பர் எங்கே என்று சம்பந்தர் வினவியபோதுதான், சுமப்பவர் அவரே என்பது வெளிப்பட்டது. ஒரு கவிஞர் மற்றொரு கவிஞரைத் தோளில் சுமந்த மண் அது.

பாடியவர் பெயர் ஏட்டில் நிற்கிறது. மணலில் சுமந்து நடந்தவர் பெயரோ, சோறளித்த உழவர் பெயரோ எந்த ஏட்டிலும் இல்லை. இறைவனே அவர்களுடைய ஊர் தேடிச் சென்று நன்றி கூறுகிறார் என்றால், அவர்கள் விளைத்ததை உண்டு பாடும் புலவர்க்கு அக்கடமை இன்னும் பெரிது.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தினர் வரும் சித்திரையில் இவ்வழி நடந்து வருதல் நன்று. பல்லக்கின் பின்னே சென்றால் போதும். இயலுமாயின், சற்றுத் தோள் கொடுத்தல் இன்னும் நன்று.