ஒரு சாளரமும் நான்கு சாளரங்களும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கணிப்பொறிச் சில்லைப் பற்றிப் பேசுவதற்கு, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ரயில்வே எழுத்தருக்கு என்ன தகுதி என்று நீங்கள் எண்ணக்கூடும். தகுதி ஒன்றே ஒன்று உண்டு. அச்சில்லின் உள்ளே நடப்பதும் எங்கள் பயணச்சீட்டுச் சாளரத்தில் நடப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள். ஒரு நிலையத்தில் ஒரே சாளரம் திறந்திருந்தது. வரிசையோ வாயிலைக் கடந்து நீண்டது. "இன்னும் விரைவாக!" என்று மேலிடம் பணித்தது. விரைந்தோம். உடல் வியர்த்தது, கை தடுமாறியது, ஒருவருக்குரிய மீதிப் பணம் மற்றொருவரிடம் சென்றது. இரவில் கணக்கு முடித்தபோது குறைந்த தொகையைக் கைப்பணத்திலிருந்து கட்டினோம். மறுநாள் இரண்டாம் சாளரம் திறக்கப்பட்டது. இருவரும் நிதானமாகவே பணி செய்தோம். வரிசை கரைந்தது, கணக்கும் பிசகவில்லை.

கணிப்பொறி உலகம் கற்ற பாடமும் இதுவே. பல ஆண்டுகள், சில்லின் ஒற்றை மூளையை மேன்மேலும் விரைவாகத் துடிக்கச் செய்தார்கள். வேகம் ஏற ஏற வெப்பமும் ஏறிற்று. 2001ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் ஒரே சில்லில் இரு மூளைகளை அமைத்தது. 2004இல் இன்டெல் நிறுவனமும் தன் ஒற்றை மூளைத் திட்டம் ஒன்றைக் கைவிட்டு அவ்வழிக்குத் திரும்பிற்று. அம்மூளையைக் 'கோர்' என்பார்கள்; நாம் 'கரு' என்று கொள்வோம்.

இதில் மின்சாரம் எவ்வாறு மிச்சமாகிறது? துடிப்பின் வேகம் எவ்வளவோ அவ்வளவுக்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப மின்செலவு கூடும். வேகத்தையும் அழுத்தத்தையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், 0.8ஐ மும்முறை பெருக்கிய 0.512, அதாவது ஏறத்தாழப் பாதிச் செலவே ஆகும். அப்படிப்பட்ட இரு கருக்கள், பழைய செலவிலேயே ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட வேலையை முடிக்கும். வேலையில்லாத கருவுக்கு மின்சாரத்தை நிறுத்தியும் வைக்கலாம். ஆளில்லாத சாளரத்தில் விளக்கு எதற்கு?

ஆயினும், சாளரங்களைப் பெருக்கினால் மட்டும் போதாது. நான்கு சாளரங்களுக்கும் சில்லறைப் பெட்டி ஒன்றே என்றால் நால்வரும் அதன்முன் காத்து நிற்க வேண்டும். 1967இல் ஜீன் ஆம்டால் என்னும் அறிஞர் இதைக் கணக்காக்கிக் காட்டினார். வேலையில் கால் பங்கு பகிர முடியாததாயின், ஆயிரம் கருக்களை வைத்தாலும் வேகம் நான்கு மடங்கை மீறாது. ஒரே படுக்கையை இரு சாளரங்கள் விற்றுவிடாதவாறு பேரேடு ஒத்திருக்கவும் வேண்டும். தொலைவிலுள்ள நினைவகத்திலிருந்து ஓர் எண்ணைக் கொண்டுவர ஆகும் மின்சாரம், அதைக் கூட்ட ஆவதைவிட மிகப் பெரிது. ஆகவே அடிக்கடி வேண்டுவதை மேசைமீதே வைத்துக்கொள்ளுமாறு சில்லை வகுக்கிறார்கள். நம் வடகரப்பதி உழவர் வாய்க்கால் நீரைப் பங்கிடும் கவனம் இங்கும் தேவை.

இத்தகைய வேலை எங்கோ நடப்பதன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு 'சக்தி' என்னும் செயலி வரிசையை உருவாக்கியது. அதில் பல்கருச் செயலிக்கென்றே ஒரு பிரிவு வகுக்கப்பட்டுள்ளது. 2018இல் அவ்வரிசையின் ஒரு சில்லு அமெரிக்காவின் ஆரிகனிலும், மற்றொன்று சண்டிகரிலும் செய்யப்பட்டன. நம் திருவனந்தபுரத்துச் சி-டாக் மையம் 'வேகா' வரிசையை வளர்த்தது. அவ்வரிசையைச் சேர்ந்த 'துருவ் 64' என்னும் இரு கருச் செயலி 2025 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. நுண்ணிய சில்லுகளை வார்ப்பதற்கு நாம் இன்னும் பிறநாட்டை நாடுகிறோம் என்பது உண்மை. வகுக்கும் அறிவோ எல்லைக்கு இருபுறமும் விளைகிறது.

இவ்விரு வரிசைகளுக்கும் அடிப்படை, 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ரிஸ்க்-ஃபைவ்' என்னும் கட்டளைத் தொகுதி. அதைக் கற்கவோ கையாளவோ உரிமைக் கட்டணம் இல்லை. சக்தியின் வடிவமைப்பும் எவரும் காணத் திறந்தே வைக்கப்பட்டுள்ளது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. "தமிழ் வழியில் படிக்கும் நம் பிள்ளைக்கு இதெல்லாம் எட்டுமா?" என்று நம் குடியிருப்பில் ஒரு தாய் கேட்டார், நாம் விடை கூறாது நின்றோம். கேரளத்தில் வாழ்ந்து தமிழில் படிக்கும் பிள்ளைகள் இரு பக்கத்துக்கும் அயலாராகிவிடுவரோ என்னும் அச்சம் நம் எல்லார்க்கும் உண்டு. திறந்திருக்கும் நூலை நம் பிள்ளைகள் திறவாமற்போனால் அக்குறை நம்முடையதே.

எனவே சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம் மன்றத்தில் பழைய கணிப்பொறி இரண்டு வைப்போம். வாரத்தில் இருநாள் மாலை அறையைத் திறப்போம். கல்லூரி சென்ற பிள்ளைகள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கட்டும். நாங்கள் எழுத்தர்கள் முறைவைத்துக் காவல் இருப்போம். ஒருவரே எல்லாம் சுமந்தால் சூடேறித் தளர்வார். பலர் பகிர்ந்தால் சுமை தெரியாது. அதைச் சாளரத்தில் கற்றோம். சங்கத்திலும் செய்து காட்டுவோம்.