ஏடுகளில் நம் முன்னோரைத் தேடுவோம்

(வெள்ளி விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், நம் பிள்ளைகள் பெற்ற பட்டங்களையும் பதவிகளையும் எண்ணி மகிழ்கின்றோம். ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வேறு. நம்மில் பலருக்குப் பாட்டனார் பெயர் தெரியும். பூட்டனார் பெயர் தெரியாது. அவர் எவ்வூரிலிருந்து இத்தூத்துக்குடிக் கரைக்கு வந்தார், எந்நிலத்தை உழுதார், அவருடன் பிறந்தோர் எங்கே சென்றனர் என்று கேட்டால் வாய் மூடி நிற்கின்றோம். அவ்விடைகளுள் சில அரசாங்க ஏடுகளில் உறங்கிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடும் வழியைக் கூறவே இங்கு நிற்கின்றோம்.

இவ்வேடுகள் நமக்காக எழுதப்பட்டவை அல்ல என்பதை முதலில் உணர்தல் வேண்டும். வரி தண்டவும், ஆட்களைக் கணக்கிடவும், கடலின் வருவாயை அளக்கவும் ஆண்டோர் எழுதி வைத்தவை அவை. நம் கடலின் முத்துக்குளிப்பையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் காலத்தில் சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும், ஒரு பங்கு குளித்தோருக்கும் என்று பிரிக்கப்பட்டது. நாள்தோறும் எடுத்த சிப்பிகள் எண்ணி எழுதப்பட்டன. ஆனால் அச்சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவிய அடைப்புகளில், நாற்றத்தினிடையே கூலிக்கு உழைத்தோரின் பெயர்களை அக்கணக்குகளில் காண்பது அரிது. சிப்பிக்குக் கணக்கு இருந்தது. உழைத்தவனுக்குப் பெயர் இல்லை.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கடற்கரையிலும் முத்துச் சிப்பி எடுக்கும் தொழில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டின் பழங்குடி மக்கள் வலுக்கட்டாயமாகக் கடலில் மூழ்க வைக்கப்பட்டனர். பின்னர் பல தலைமுறைகளாக அவர்களுடைய குழந்தைகளையே அரசு பிரித்தெடுத்தது. அப்பிரிவினையைச் செய்த அலுவலகங்களின் கோப்புகளைக் கொண்டே இன்று அம்மக்கள் தம் தாய் தந்தையரைத் தேடுகின்றனர். அதற்கு உதவ 1980-இல் ஓர் அமைப்பே தோன்றியது. அம்மக்களைப் பற்றிய ஏடுகள் எவையும் அழிக்கப்படலாகாது என்று 1997-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை வலியுறுத்தியது. 2008-இல் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். நம்மைக் கட்டிய கயிற்றையே பிடித்துக் கிணற்றிலிருந்து ஏறலாம் என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

நம் முன்னோரின் பெயர்கள் எங்கெங்கே கிடைக்கும்? மக்கள்தொகைக் கணக்கில் தேடிப் பயனில்லை. 1871 முதல் அச்சிட்ட தொகுதிகளில் எண்ணிக்கை உண்டு, ஆட்பெயர் இல்லை. பெயர் கிடைக்கும் இடங்கள் கடலும் நிலமும் பற்றிய ஏடுகளே.

கடலை முதலில் காண்போம். இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு நம் மக்கள் கங்காணிகளின் பின்னே சென்றனர். அவருள் பலர் இத்தூத்துக்குடித் துறையில் கொழும்புக் கப்பல் ஏறினர். தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் அணிந்து சென்றோர் பலர். அங்கே ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல, கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டியிருந்தது. 1921-இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையுடன் வந்தனர். அவ்வட்டை உங்கள் வீட்டில் இருப்பின் அதனைக் கிழிந்த காகிதம் என்று எறிந்துவிடாதீர்கள். நேட்டால் சென்றோருக்கோ இன்னும் விரிவான பதிவு உண்டு. 1860 முதல் சென்ற கப்பல்களின் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் ஆகியன எழுதப்பட்டுள்ளன.

அடுத்தது நிலம். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்கீர் நம் மக்களின் நிலையைப் பற்றி 1891-இல் அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892-இல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அதன் வழி வந்ததே. ஒப்படை பெற்றவர் பத்து ஆண்டுகளுக்கு அதனை விற்றலாகாது; அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கேயன்றிப் பிறருக்கு விற்றலாகாது என்பது நிபந்தனை. 1994-இல் காரணை ஊரில் அந்நில மீட்புக்காக நின்ற ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். பழைய ஏட்டின் ஒரு வரி எத்துணை மதிப்புடையது என்பதை அவ்வுயிர்கள் நமக்குச் சொல்லும்.

இனித் தேடும் முறையைக் கூறுவோம்.

முதலாவது, வீட்டிலிருந்தே தொடங்குங்கள். முதியோரிடம் கேட்டு ஊர், தெரு, தெய்வம், கொண்டு கொடுத்த குடும்பங்கள் ஆகியவற்றை எழுதுங்கள். தீர்வை ரசீது, பள்ளிச் சான்று, திருமுழுக்குச் சான்று ஆகியவற்றைத் தொகுத்து வையுங்கள்.

இரண்டாவது, ஏடுகளில் நம் பெயர் மாறிமாறி வரும் என்பதை அறியுங்கள். பஞ்சமர், ஒடுக்கப்பட்ட வகுப்பார், 1922-க்குப் பின் ஆதிதிராவிடர், அரிசனர், பட்டியல் சாதியினர் என்று நம்மைக் குறித்த பெயர்கள் பல. தேடுவோர் இழிபெயர்களையும் படித்தாக வேண்டும். மனம் கொதிக்கும், ஆயினும் ஏட்டை மூடிவிடலாகாது. மாவட்டமும் அவ்வாறே. தூத்துக்குடி மாவட்டம் 1986-இல்தான் உருவானது. அதற்கு முந்தியவை திருநெல்வேலி மாவட்டம் என்னும் தலைப்பின் கீழ் உள்ளன.

மூன்றாவது, வட்ட அலுவலகத்தில் 'ஏ' பதிவேடு, அடங்கல், சிட்டா ஆகியவற்றையும், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றையும் கேளுங்கள். 1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்திற்கு முந்தைய ஏட்டையும் பிந்தைய ஏட்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடுங்கள். கணினியில் இன்று காண்பது பிந்தையதே. ஏடு தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது.

நான்காவது, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அரசாணைகளும் வருவாய் வாரிய நடவடிக்கைகளும் மாவட்டத் தொகுதிகளும் அங்கு உள்ளன. நம் மக்களுக்குப் பள்ளியும் வீட்டுமனையும் கிணறும் அமைக்கும் பொறுப்பேற்ற தொழிலாளர் ஆணையரின் கோப்புகளைத் தவறாமல் கேளுங்கள்.

எங்கள் குடும்பத்து அனுபவம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாட்டியாரின் தகரப் பெட்டியில் ஒரு தீர்வை ரசீது இருந்தது. அதிலிருந்த புல எண்ணைக் கொண்டு ஓர் அலுவலகத்திற்குச் சென்றோம். "உங்களுக்கெதற்கு இந்தப் பழங்கதை?" என்று கேட்டார் அங்கிருந்தவர். மும்முறை திருப்பியனுப்பப்பட்டு நான்காம் முறை பழைய ஏட்டைக் கண்டோம். பூட்டனாரின் பெயரும், அதனருகே நிபந்தனை ஒப்படை என்னும் குறிப்பும் இருந்தன. புதிய ஏட்டில் வேறொருவர் பெயர். நிலம் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. மனு நிலுவையில் உள்ளது. அவருடைய தங்கையார் இலங்கைக்குச் சென்றதாகப் பாட்டியார் சொல்வார். அவரை எந்த ஏட்டிலும் நாங்கள் காணவில்லை. எனினும், "நமக்கு ஒரு காலத்திலும் நிலமே இருந்ததில்லை" என்று எங்கள் வீட்டில் இனி ஒருவரும் சொல்லார்.

இளைஞர்களே! இவ்விழாவின் நினைவாக உங்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வாங்குங்கள். இவ்வாரமே உங்கள் வீட்டு மூத்தவரின் அருகில் அமர்ந்து முதற் பக்கத்தை எழுதுங்கள். கிடைக்கும் சான்றுகளின் படிகளை நம் கழக நூலகத்தில் சேர்த்து வையுங்கள். முதியோர் மறைந்தால் அவர்களுடன் மறைவனவற்றை எந்தக் காப்பகமும் திருப்பித் தராது. இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளில் வரவிருக்கும் பொன்விழா மலரில் நம் குடும்பங்களின் வரலாறு நம் கையெழுத்திலேயே இடம்பெறட்டும்.

வாழ்க நம் முன்னோர் நினைவு! வளர்க நம் கல்விக் கழகம்!