கடைமடைக் குழாய்

(திருக்கடையூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரிதும் மாற்றப்படவில்லை.)



எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. 'குடிநீரும் சாதியும்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்பை என்னால் தூக்க முடியாது. நான் ஒரே ஒரு குழாயைப் பற்றித்தான் பேசப்போகிறேன். எங்க தெருக் குழாய்.

இந்த ஊர்ப் பேருக்கு ஒரு கதை சொல்வார்கள். பாற்கடலைக் கடைந்தெடுத்த அமுதக் குடத்தைத் தேவர்கள் இங்கே இறக்கி வைத்தார்களாம். திரும்ப எடுக்கப் போனால் குடம் லிங்கமாகிவிட்டதாம். அதனால் அமிர்தகடேஸ்வரர். கடம் என்றால் குடம். அறுபது முடிந்தவர்களும் எண்பது முடிந்தவர்களும் எங்கெங்கிருந்தோ வந்து, மாலை மாற்றிக்கொண்டு, கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு போகிறார்கள். ஆயுசு நீளும் என்பது நம்பிக்கை. சாமி அபிஷேகத்துக்கான தண்ணீர் பக்கத்துத் திருமயானத்துக் கிணற்றிலிருந்து வரவேண்டும் என்பது முறை. நான் இதையெல்லாம் கேலி செய்ய வரவில்லை. சாமி குளிக்கிற தண்ணி எங்கேருந்து வருதுன்னு ஊருக்கே தெரியுது. நாங்க குடிக்கிற தண்ணி எங்கேருந்து, எது வழியா வருதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. அந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

சில வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி அடைமழை. எங்க அக்கா மகனுக்கு வயித்தாலே போக ஆரம்பிச்சுது. அஞ்சு வயசுப் பையன். ராத்திரி பன்னிரண்டு மணிக்குள்ளே கண்ணு குழி விழுந்துபோச்சு. தோலைக் கிள்ளினா கிள்ளின இடம் அப்படியே நிக்குது. பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். விடியறதுக்குள்ளே எங்க தெருவிலிருந்து வீட்டுக்கு ஒருத்தராய் வந்து சேர்ந்தார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். எதிர்வீட்டு ஆயா பிழைக்கவில்லை. வயசான கட்டை, போகிற நேரம் என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

மறுநாள் ஜீப் வந்தது. பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். வந்தவர்களில் ஒருவர் எங்க குழாய்ப் பள்ளத்தைக் காட்டிக் கேட்டார்: "இந்தக் குழியை யார் வெட்டினது? நீங்கதானே? நீங்களே சாக்கடையைக் குடிச்சா நாங்க என்ன பண்றது?"

அந்தக் குழியை வெட்டியது நாங்கள்தான். நானே கடப்பாரை பிடித்திருக்கிறேன். ஏன் வெட்டினோம் என்பதுதான் அவர் கேட்காத கேள்வி.

குழாயைப் போட்ட விதத்தைக் கேளுங்கள். மேல்நிலைத் தொட்டி ஊருக்குள்ளே இருக்கிறது. அங்கேயிருந்து மெயின் குழாய் கிளம்பி, பெரிய தெரு, குடியானத் தெரு, கடைத்தெரு எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாய் எங்க சேரிக்கு வருகிறது. வழியில் வீட்டுக்கு வீடு இணைப்பு, சில வீட்டில் மோட்டார் போட்டு உறிஞ்சல். காலையில் ஒரு மணி நேரம் தண்ணி விட்டால் எங்களுக்கு வந்து சேர்வது நூல் மாதிரி. ஆளுயரக் குழாயில் ஏறாது. முழங்கால் உயரத்தில் ஏறாது. அப்போ என்ன செய்வான் மனுஷன்? மண்ணைத் தோண்டி, குழாயைத் தாழ அறுத்து, குழிக்குள்ளே குடத்தை இறக்கிப் பிடிப்பான். காவிரிப் பாசனத்தில் கடைமடைக்காரன் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும். மேல்மடை குடித்து மிஞ்சினால்தான் கடைமடைக்கு. குழாய்க்கும் ஒரு கடைமடை உண்டு. அதில் உட்காரவைக்கப்பட்டவன் யார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இதில் ஒரு விஞ்ஞானமும் இருக்கிறது, மாணவர்கள் கவனியுங்கள். குழாயில் தண்ணி அழுத்தமாய் ஓடும்போது வெளி அழுக்கு உள்ளே போகாது. ஓட்டையிருந்தால் தண்ணிதான் வெளியே பீச்சும். தண்ணியை நிறுத்தினதும் குழாய் காலியாகிறது. அப்போது அது வாய் திறந்து உறிஞ்சும். எங்க குழாய் சாக்கடைக்குள்ளேயே படுத்துக் கிடக்கிறது. இணைப்பு விட்ட இடமெல்லாம் சாக்கடையை உறிஞ்சும். மழைக்காலத்தில் குழி நிறைந்து, குழித் தண்ணியும் உள்ளே போகும். மறுநாள் காலையில் முதல் குடத்தில் வருவது அதுதான். ஆக, நாள் முழுக்க அழுத்தத்தோடு தண்ணி ஓடுகிற தெருவுக்கு ஓட்டைக் குழாயால் வருகிற ஆபத்து குறைவு. விட்டுவிட்டு வருகிற, கடைசியில் இருக்கிற தெருவுக்கு அதே ஓட்டை காலரா. குளோரின் கலந்தாலும் அது வழியெல்லாம் செலவழிந்து கடைசிக்கு வரும்போது ஒன்றும் மிஞ்சுவதில்லை.

குழாயை விட்டுவிட்டுக் கிணற்றுக்குப் போகலாமே என்பீர்கள். கடல் இங்கேயிருந்து கூப்பிடு தூரம். அடிபம்பில் உப்பு. 1990களில் இந்தக் கரையில் நெல்வயலை வளைத்து இறால் பண்ணை வெட்டியபோது கடல்தண்ணி நிலத்துக்குள்ளே வந்தது. நடவு வேலையும் போச்சு, குடிக்கிற ஊற்றும் போச்சு. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2005இல் தனிச் சட்டம் கொண்டுவந்து கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பை முறைப்படுத்துகிறோம் என்று மறுபடி கதவைத் திறந்தார்கள். நடுவில் 2004 டிசம்பர் 26 சுனாமி. கடல் கிணற்றுக்குள்ளேயே வந்தது. அப்போது நாகை மாவட்ட நிவாரண இடங்களில் வைத்த தண்ணீர்த் தொட்டியைத் தலித்துகள் தொடக்கூடாது என்று தடுத்த செய்திகள் வெளியாயின. பிணத்தை அப்புறப்படுத்த மட்டும் எங்க ஆளுங்க கை வேண்டியிருந்தது.

'நீங்களே கலக்கிக்கிட்டீங்க' என்ற பேச்சுக்கு வருகிறேன். இதை நான் இரண்டாவது முறை கேட்டது வேங்கைவயலில்.

2022 டிசம்பர் 26. புதுக்கோட்டை மாவட்டம், முத்துக்காடு ஊராட்சி, வேங்கைவயல். குழந்தைகள் அடுத்தடுத்துக் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுக்கிறார்கள். குடிதண்ணியைப் பாருங்க என்று மருத்துவமனையில் சொல்கிறார்கள். தலித் மக்களுக்கென்று கட்டிய 10,000 லிட்டர் தொட்டியில் இளைஞர்கள் ஏறிப் பார்க்கிறார்கள். உள்ளே மனித மலம். மறுநாள் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் போனபோது வேறு இரண்டு சங்கதியும் வெளியே வந்தது. அங்கே டீக்கடையில் இரட்டைக் குவளை. அய்யனார் கோயிலுக்குள் தலித்துகளுக்கு அனுமதி இல்லை. ஆட்சியர் நேராகக் கூட்டிக்கொண்டு போய்த்தான் உள்ளே விடவேண்டியிருந்தது.

2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தது. டிஎன்ஏ சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களிடமும் கேட்டார்கள். மலத் தண்ணியைக் குடித்த எங்களிடமே ரத்தமா என்று சிலர் மறுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் கழித்து 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. அதே தலித் பகுதியைச் சேர்ந்த மூன்று பேர்தான் குற்றவாளிகள் என்றது அது. அடுத்த மாதமே வழக்கு வன்கொடுமைத் தனி நீதிமன்றத்திலிருந்து சாதாரண நீதிமன்றத்துக்கு மாறியது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் சிபிஐ விசாரணை கேட்டன.

யார் கலந்தது என்பது ஆதாரத்தோடு நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய விஷயம். நான் அதற்குள் போகவில்லை. என் கேள்வி வேறு. அந்த இரட்டைக் குவளையை யார் வைத்தது? கோயில் கதவை யார் சாத்தினது? அந்த மக்களுக்கென்று தனியாய் ஒரு தொட்டி ஏன் கட்டப்பட்டது? இதற்கு டிஎன்ஏ சோதனை தேவையில்லை. விடை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அதை விசாரிக்கத்தான் ஆளில்லை.

தண்ணியில் அசிங்கத்தைக் கலந்து குடிக்கக் கொடுப்பது எங்க தஞ்சாவூர்ச் சீமைக்குப் புதுசில்லை. சாணிப்பால் என்று பேர் வைத்திருந்தார்கள். பால்! பண்ணையாள் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால், எதிர்த்து நின்றால், கட்டிவைத்துச் சவுக்கடி; அப்புறம் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவது. 1940களில் சீனிவாசராவும் அவர் தோழர்களும் செங்கொடியோடு சேரிக்குள் வந்து, 'அடித்தால் திருப்பி அடி' என்று சொன்னபிறகுதான் அது நின்றது. எங்க தாத்தாவுக்கு அது நடந்தது. அவர் வாய் திறந்து சொன்னதேயில்லை. ஆயாதான் சொல்லும். "அன்னிலேருந்து ஒங்க தாத்தா யார் ஊட்லயும் தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டாரு. தண்ணிய மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பாரு." சாகும்வரைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. வேங்கைவயல் சேதியைப் படித்த அன்றைக்கு நான் என்னை அறியாமல் டம்ளரை மோந்து பார்த்தேன். ஒரு தலைமுறை தாண்டி அந்தச் சாணிப்பால் என் மூக்குக்கு வந்திருக்கிறது.

மாணவர்கள் சில தேதிகளை மனசில் வையுங்கள். 1924இலேயே, இரட்டைமலை சீனிவாசன் உறுப்பினராய் இருந்த சென்னை சட்டமன்றத்தில், பொது வழியும் கிணறும் குளமும் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் வந்தாயிற்று. 1927 மார்ச் 20 மகத். நகராட்சியே திறந்துவிட்டதாய்த் தீர்மானம் போட்ட சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணி மொண்டார். ஆயிரக்கணக்கான பேர் மொண்டார்கள். அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பசுஞ்சாணம், கோமியம், பால், தயிர் கரைத்து 108 குடம் குளத்தில் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். நாம தொட்டா தண்ணி தீட்டு. சாணியும் மூத்திரமும் கலந்தா தண்ணி சுத்தம்! அங்கே ஊற்றியதும் சாணிதான், எங்க தாத்தா வாயில் ஊற்றியதும் சாணிதான். அங்கே அதற்குப் பேர் பரிகாரம், இங்கே தண்டனை. அழுக்கு என்பது பொருளில் இல்லை தோழர்களே, அது யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. அதே 1927 டிசம்பர் 25இல் மகதில் மனுஸ்மிருதி எரிந்தது. 1968 டிசம்பர் 25இல் இதே கீழத்தஞ்சையில், வெண்மணியில், குடிசைக்குள் 44 உயிர் எரிந்தது. சவுதார் குளத்து உரிமைக்குப் பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆயிற்று. ஒரு கை தண்ணீருக்குப் பத்து வருஷம்.

சட்டம் இன்றைக்கு நம் பக்கம் இருக்கிறது. அரசியல் சட்டம் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. தலித்துகள் பழங்கும் நீரைக் கெடுப்பதை 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் சட்டம் ஒரு கையைத் தேடுகிறது. கலக்கிய கை எது என்று கேட்கிறது. எங்க தெருவில் எந்தக் கையும் கலக்கவில்லை. குழாயைச் சாக்கடைக்குள் போட்டு, கடைசியில் சேரியை வைத்து, ஒரு மணி நேரம் மட்டும் தண்ணி விட்டால் போதும். மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆள் இல்லாத குற்றம். அதனால்தான் 'நீங்கதானே குழி வெட்டினீங்க' என்று சொல்ல முடிகிறது.

அப்படியானால் நாம் என்ன செய்வது? எங்க தெருப் பையன்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் குழாய் போகிற வழியெல்லாம் நடந்தார்கள். தொட்டியிலிருந்து கடைசிக் குழாய் வரை எங்கே சாக்கடைக்குள் போகிறது, எங்கே ஒழுகுகிறது என்று ஒரு வரைபடம் போட்டார்கள். அடுத்து, குளோரின் பார்க்கிற சின்னப் பெட்டி ஒன்று வாங்கினார்கள். தண்ணியில் மருந்தை விட்டால் மஞ்சள் நிறம் வரவேண்டும். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். 100 மில்லி தண்ணியில் மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதும் அதே தர நிர்ணயம். பெரிய தெருவில் மஞ்சள் வந்தது. எங்க குழாயில் தண்ணி நிறமே மாறவில்லை. தேதி போட்டு, நேரம் போட்டு எழுதிவைத்தார்கள். கிராம சபையில் அதை வாசித்தபோதுதான் முதல்முறையாய் எதிரே இருந்தவர்கள் பதில் சொல்லத் திணறினார்கள். 'சேரிக்காரன் அசுத்தம்' என்று நோட்டுப் புத்தகத்துக்கு எதிரே சொல்ல முடியவில்லை.

அப்போது சமாதானமாய் ஒரு யோசனை சொன்னார்கள். "ஒங்களுக்குன்னு தனியா ஒரு தொட்டி கட்டித் தந்துடறோம்." எங்க ஆட்களில் பாதிப் பேருக்கு அது சரியென்று பட்டது. பெண்கள் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து குழிக்குள் இறங்குகிறவர்கள். அவர்களுக்கு நாளைக்கே தண்ணி வேண்டும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் எங்க அக்கா எழுந்து, "வேங்கவயல்லயும் தனித் தொட்டிதான் கட்டிக் குடுத்தாங்க"ன்னுது. சபையில் ஒரு சத்தமில்லை.

அதுதான் விஷயம். நம்ம வாய்க்கு மட்டும் போகிற தண்ணி, கெட்டாலும் நம்மைத் தவிர வேறு யாருக்கும் வலிக்காத தண்ணி. ஊரார் எல்லோரும் குடிக்கிற தொட்டியில் எவனும் கை வைக்க யோசிப்பான். ஆகவே நாம் கேட்க வேண்டியது தனித் தொட்டி இல்லை. ஒரே தொட்டி, சாக்கடையை விட்டு விலகிய குழாய், சேரியில் போய் முட்டி நிற்காமல் சுற்றி வந்து சேர்கிற குழாய், அப்போது கடைசித் தெரு என்று ஒன்று இருக்காது. அதுவரைக்கும் லாரித் தண்ணியோ காய்ச்சின தண்ணியோ குடித்துச் சமாளிப்போம். சமாளிப்பைத் தீர்வு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது.

எங்க தெருவில் இன்னும் முழுசாய் மாறிவிடவில்லை. சாக்கடையில் கிடந்த குழாயில் ஒரு பகுதியை மட்டும் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். குழியை மூடிவிட்டோம். ஆனால் கோடையில் மறுபடி தோண்ட வேண்டிவருமோ என்ற பயம் இருக்கிறது.

அந்த வரைபடத்தை வாசலில் மாட்டியிருக்கிறோம். போட்டது எங்க அக்கா மகன். அன்றைக்குக் கண்ணு குழி விழுந்து கிடந்தானே, அவன்தான். போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள். பார்த்துவிட்டு, உங்க ஊரில் குழாய் எந்தத் தெருவில் போய் முடிகிறது என்று ஒருநாள் நடந்து பாருங்கள்.