நாற்பதுக்குப் பின் சேமிப்பும் வருமான வரிக் கழிவும்



என் தந்தையார் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்தேழு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். 1998ஆம் ஆண்டில் அவருக்கு 55 வயது நிறைந்தது. தோட்டத்தில் அதுதான் அப்போது ஓய்வு வயது. சிரம்பானுக்குப் பேருந்தில் போய், ஊழியர் சேமநிதிப் பணம் முழுவதையும் எடுத்துக்கொண்டு வந்தார். இருபத்து மூவாயிரம் வெள்ளி. அக்காவின் திருமணத்துக்கு ஒன்பதாயிரம் போயிற்று. லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்ததால், மலிவு விலை வீடு ஒன்றுக்கு முன்பணமாக எட்டாயிரம் போயிற்று. ஒரு பழைய மோட்டார் சைக்கிள், ஓர் உறவினருக்குக் கைமாற்று, அன்றாடச் செலவு என்று மற்றதும் கரைந்தது. மூன்றாவது தீபாவளி வருவதற்குள் அவருடைய வங்கிப் புத்தகத்தில் நூற்று நாற்பது வெள்ளிதான் மிச்சம்.

அவர் காலமானது 2017இல். பணம் மூன்று ஆண்டுக்குக்கூட வரவில்லை. ஆயுளோ பத்தொன்பது ஆண்டு நீண்டது. எழுபது வயது வரை பிறர் வீட்டுத் தோட்டங்களில் புல் வெட்டித்தான் அவர் தம் கைச்செலவைப் பார்த்துக்கொண்டார்.

நேயர்களே, என் தந்தையார் ஊதாரி அல்லர். அவர் செய்த செலவு ஒவ்வொன்றும் ஒரு தகப்பன் செய்யக்கூடிய செலவுதான். சம்பளத்தில் பிடிக்கும் சந்தாவுக்கு மேல், தாமாகவும் ஒரு தொகையைச் சேமநிதியில் போடலாம் என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்து, பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நானும் என் நாற்பத்து மூன்றாம் வயது வரை அதைப் பற்றி எண்ணிப் பார்த்ததில்லை. வயது ஏறிய பிறகு ஓய்வுக் காலத்திற்காகச் சேர்ப்பது எப்படி, அதற்கு வருமான வரியில் என்ன கழிவு கிடைக்கும் என்பவற்றைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

ஊழியர் சேமநிதி நம் நாட்டில் 1951ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கியது. அன்று தொழிலாளி நூற்றுக்கு 5 வெள்ளி, முதலாளி 5 வெள்ளி என்று சந்தா கட்டினார்கள். இன்று அறுபது வயதுக்குட்பட்ட தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 11. மாதம் 5,000 வெள்ளியும் அதற்குக் குறைவாகவும் சம்பளம் வாங்குபவருக்கு முதலாளியின் பங்கு 13. அதற்கு மேல் வாங்குபவருக்கு 12. 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்த அளவு ஓய்வு வயதும் 60 ஆயிற்று.

ஆனால் கொரோனா காலத்தில், 2020 முதல் 2022 வரை, நான்கு சிறப்புத் திட்டங்களின் வழியாகச் சேமநிதியிலிருந்து ஏறக்குறைய 145 பில்லியன் வெள்ளி வெளியே எடுக்கப்பட்டது. வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தவர்கள் அரிசி வாங்க எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனினும் நாற்பது, ஐம்பது வயதில் கணக்கைத் திறந்து பார்ப்பவர்களில் பலருக்கு அந்தப் பள்ளம் இன்னும் நிரவவில்லை. அதை நிரவ, சம்பளத்தில் பிடிக்கும் சந்தா மட்டும் போதாது.

இனி, வரிக் கழிவு என்றால் என்ன என்று பார்ப்போம். பலர் இதில் ஒரு தவறு செய்கிறார்கள். 3,000 வெள்ளி கழிவு என்றால், கட்ட வேண்டிய வரியில் 3,000 வெள்ளி குறையும் என்று எண்ணிவிடுகிறார்கள். அப்படி இல்லை. வரி கணக்கிடுவதற்கு முன் நம் வருமானத்திலிருந்து 3,000 வெள்ளியைக் கழிப்பார்கள்; எஞ்சிய தொகைக்குத்தான் வரி. ஆகவே, ஒருவருக்கு எவ்வளவு மிச்சமாகும் என்பது அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

இவ்வகைக் கழிவுகள் மூன்று. முதலாவது, சேமநிதிச் சந்தாவுக்கு ஆண்டுக்கு 4,000 வெள்ளி வரை. சம்பளத்தில் பிடிப்பதும் நாமாகக் கட்டுவதும் இதில் அடங்கும். இரண்டாவது, ஆயுள் காப்புறுதிக்கு 3,000 வெள்ளி வரை. 2023ஆம் வரியாண்டு முதல் நாமாகக் கட்டும் சேமநிதிச் சந்தாவையும் இந்த 3,000க்குள் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, தனியார் ஓய்வுத் திட்டம். 2012இல் தொடங்கிய இதற்கு ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை தனிக் கழிவு உண்டு. 2025இல் முடிய வேண்டிய இந்தச் சலுகையை 2030 வரை நீட்டித்திருக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோட்டத்துக் கிராணி ஒருவருக்கு மாதம் 6,000 வெள்ளி சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 72,000. எல்லாருக்கும் உள்ள சொந்தக் கழிவு 9,000. அவருடைய சேமநிதிச் சந்தா 4,000ஐத் தாண்டிவிடுவதால் அந்தக் கழிவு முழுவதும் கிடைக்கும். மற்றக் கழிவுகளை இப்போதைக்கு விட்டுவிடுவோம். எஞ்சுவது 59,000. இது 50,000க்கும் 70,000க்கும் இடைப்பட்ட படி. இங்கே வரி நூற்றுக்கு 11. அவருக்கு ஆயுள் காப்புறுதி இல்லை. ஆகவே சேமநிதியில் தாமாக 3,000 வெள்ளி கட்டுகிறார். அவருக்கு 330 வெள்ளி வரி குறையும். தனியார் ஓய்வுத் திட்டத்திலும் 3,000 போட்டால் இன்னொரு 330. மொத்தம் 660 வெள்ளி. காப்புறுதிக்கு ஆண்டுக்கு 1,800 வெள்ளி கட்டுபவராக இருந்தால், சேமநிதியின் பெயரில் 1,200க்குத்தான் இடம் இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்து, நீலாய் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். மாதம் 3,500, ஆண்டுக்கு 42,000. சொந்தக் கழிவும் சேமநிதிக் கழிவும் போக எஞ்சுவது 29,000. அதற்கு வரி 420 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000க்கு மேற்படாதவர்களுக்கு 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. ஆக, அவர் கட்ட வேண்டியது 20 வெள்ளிதான். அவர் இன்னும் 3,000 கட்டினாலும் வரியில் மிச்சமாவது அந்த 20 வெள்ளி மட்டுமே. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கோ வரியே வராது. வரி இல்லாதவருக்குக் கழிவினால் ஒரு காசு பயனும் இல்லை.

‘வரி மிச்சமாகும், போடுங்கள்’ என்று யாராவது சொன்னால், ‘எனக்கு எவ்வளவு மிச்சமாகும்?’ என்று கேளுங்கள். கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அப்படியானால் வரி கட்டாதவருக்கு வழி இல்லையா? உண்டு. என் கணவர் சொந்தமாக லாரி வைத்துச் செம்பனைக் குலை ஏற்றுகிறார். முதலாளி இல்லை, ஆகவே சந்தா கட்டுவாரும் இல்லை. இருபது ஆண்டு ஓடியும் அவர் பெயரில் சேமநிதியில் இருந்தது, பழைய தொழிற்சாலை வேலையின் சிறு தொகைதான். இவரைப் போன்ற சொந்தத் தொழிலாளர்களுக்கு ஐ-சாரான் என்றொரு திட்டம் இருக்கிறது. அறுபது வயதுக்குட்பட்டவர் அதில் பதிந்துகொண்டு, தாமாகச் சந்தா கட்டினால் அரசாங்கமும் ஒரு பங்கு போடும். 2025ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி அது கட்டும் தொகையில் நூற்றுக்கு 20. ஆண்டுக்கு 500 வெள்ளிக்கு மேற்படாது. ஆயுளில் மொத்தம் 5,000 வரை. 2,500 கட்டினால் 500 சேர்ந்து 3,000 ஆகிறது. வேறு எந்தக் கடையில் இப்படிக் கிடைக்கும்?

முதலில் என் கணவர் இணங்கவில்லை. “அம்பது வயசாகப் போகுது, இனிமே சேத்து என்னா ஆகப் போகுது?” என்றார். சமையலறை மேசையில் தாளை வைத்துக் கணக்குப் போட்டோம். ஆண்டுக்கு 3,000 வெள்ளி வீதம் பத்து ஆண்டுகள்; இலாப ஈவு நூற்றுக்கு 5 என்று வைத்தால், பத்தாம் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 37,700 வெள்ளி. அவர் கையிலிருந்து போவது 25,000தான். ஈவு ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024இல் வழக்கமான கணக்குக்கு 6.30 கொடுத்தார்கள், சட்டப்படி அந்தக் கணக்குக்கு உறுதி சொல்லப்பட்டது 2.5. அதனால்தான் நாங்கள் நடுவில் 5 என்று வைத்துக்கொண்டோம். இதையே 45 வயதில் தொடங்கிப் பதினைந்து ஆண்டு போட்டால் 64,700 வரும். ஐந்தே ஆண்டு முந்தியதற்கு இவ்வளவு வேறுபாடு! அவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உங்க அப்பா எடுத்த காசவிட இது கூடத்தானே?” என்று கேட்டார். மறுவாரமே பதிந்துகொண்டார். இப்போது நல்ல அறுவடை மாதங்களில் 300, மழை மாதங்களில் 100 என்று கட்டி வருகிறார்.

இனி, என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். அரசாங்க ஆசிரியையான எனக்கு ஓய்வூதியம் உண்டு. என்றாலும் நாற்பத்து மூன்றாம் வயதில் தனியார் ஓய்வுத் திட்டத்தில் சேர்ந்தேன். பள்ளி விடுமுறை, வீட்டு வேலை என்று தள்ளிப்போட்டு, டிசம்பர் 31ஆம் நாள் மாலையில் பணத்தை அனுப்பினேன். அது மறு ஆண்டுக் கணக்கில்தான் சேர்ந்தது. அந்த ஆண்டுக் கழிவு போயிற்று. 330 வெள்ளி இழப்பு. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான்! ஆகவே, டிசம்பர் முதல் வாரத்துக்குள் கட்டிவிடுங்கள். அதைவிட நல்லது மாதாமாதம் கட்டுவது.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. ஓய்வுக் காலத்திற்கென்று போடும் பணம் பூட்டி வைக்கும் பணம். 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்டவர் கட்டும் ஒவ்வொரு நூறு வெள்ளியிலும் 75 ஓய்வுக் கணக்கிலும், 15 நல்வாழ்வுக் கணக்கிலும், 10 எந்நேரமும் எடுக்கக்கூடிய கணக்கிலும் சேர்கிறது. 55 வயதுக்குப் பின் சேர்வதை 60 வயதில்தான் எடுக்கலாம். தனியார் ஓய்வுத் திட்டத்திலிருந்து உரிய காலத்துக்கு முன் பணம் எடுத்தால், சில காரணங்கள் நீங்கலாக, நூற்றுக்கு 8 வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். இலாப ஈவுக்கும் அங்கே உறுதி இல்லை. ஏற்றமும் இறக்கமும் உண்டு. எனவே, மருத்துவச் செலவுக்கும் பள்ளிச் செலவுக்கும் கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியைப் போடுங்கள். கூடுதல் வட்டிக்குக் கடன் வைத்திருப்பவர் முதலில் அந்தக் கடனை அடைப்பதே அறிவுடைமை.

கழிவைக் கேட்பது கடினமான காரியம் அன்று. சம்பளக்காரர் தம் வரிக் கணக்கை மறு ஆண்டு ஏப்ரல் 30க்குள்ளும், சொந்தத் தொழில் செய்பவர் ஜூன் 30க்குள்ளும் கொடுக்க வேண்டும். மின்வழியாகக் கொடுப்பவர்களுக்குப் பதினைந்து நாள் கூடுதல் தவணை வழக்கம். முதலாளி தரும் ஈ.ஏ. படிவம், சேமநிதி ஆண்டறிக்கை, காப்புறுதி அறிக்கை, ஓய்வுத் திட்ட அறிக்கை ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உரிய கட்டங்களில் தொகையை எழுதினால் போதும். தாள்களை அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் ஏழு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அவற்றுக்கு ஒரு பிஸ்கட் டின்னே இருக்கிறது. சென்ற ஆண்டுகளில் கேட்க மறந்த கழிவு இருந்தால், ஐந்து ஆண்டுகளுக்குள் எழுத்து மூலம் விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வரி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

பகாவிலும் லாபுவிலும் போர்ட்டிக்சன் சாலையோரத் தோட்டங்களிலும் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாய் தந்தையருக்குக் கைப்பேசியில் சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்க்கத் தெரியாமல் இருக்கலாம். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, கணக்கில் எவ்வளவு இருக்கிறது, வாரிசுப் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். என் தந்தையாருக்கு நான் அதைச் செய்யவில்லை. நீங்கள் செய்யுங்கள்.